ஞாயிற்றுக்கிழமை வீடு

லூர்து கார்டனில் மொத்தம் அறுபத்து நான்கு மனைகள். அறுபத்து மூன்றில் எல்லைக்கல்லும் ஆவாரஞ்செடியும் இருந்தன. மிச்சமிருந்த ஒன்றில் சுகன்யா மேரி இருந்தாள்.

அவளோடு கணவன் ஆரோக்கிய பிரபுவும், பத்தாம் வகுப்பு முடித்த மகள் ஷாலினி மேரியும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிரபுவுக்குப் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில் வேலை. காலை ஆறரைக்குப் போனால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். மகளுக்குப் பள்ளிக்கூடம், ட்யூஷன். அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டில் ஐந்து கிலோமீட்டர், அப்புறம் இடதுபக்கம் மண் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த அந்தப் பொட்டலில் பகல் முழுக்க ஆள் என்று இருந்தவள் சுகன்யா ஒருத்திதான். அதனால் முதலில் சொன்னது ஒன்றும் பெரிய பொய் இல்லை.

பெரிய பொய்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லப்பட்டன. அவற்றுக்குக் காரணகர்த்தா ஜெயசீலன். மனை போட்டு விற்கிறவர். ஆறு வருடத்துக்கு முன்னால் மாதா கோவில் வாசலில் பிரபுவின் தோளில் கைபோட்டு, "சார், நம்ம பங்குக் கோவில் ஆளுங்கிறதால சொல்றேன். உங்களுக்கு மட்டும் பாதி விலை. ஒரே ஒரு கண்டிஷன், ஆறு மாசத்துல வூடு கட்டிக் குடி வந்துடணும். ஒரு வூட்டுல துணி காயுதுன்னா போதும் சார், மத்த மனையெல்லாம் தானா போயிடும்" என்றார். காய்கிற துணி தங்களுடையதாக இருக்கப்போகிறது என்பதில் பிரபுவுக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

பார்க்காமல் ஒன்றும் அவர்கள் வாங்கிவிடவில்லை. நான்கு தடவை வந்து பார்த்தார்கள். நான்கும் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் கோவில் வாசலிலேயே ஜெயசீலனின் காரில் ஏறிக்கொள்வார்கள். மூன்றாவது தடவை மாமியாரும் வரதராசன்பேட்டையிலிருந்து வந்திருந்தார். அந்த அம்மாள் மனையின் நடுவில் நின்று நான்கு திசையும் பார்த்து, "காத்து என்னா, அமைதி என்னா!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். வடக்கே மரம் நட்டிருந்த நீளமான மண்மேட்டைக் காட்டி, ஏரிக்கரை பக்கத்தில் இருப்பதால் தண்ணீருக்குப் பஞ்சமிருக்காது என்றும் சொன்னார். அது சுண்ணாம்புக்கல் மைன்ஸைச் சுற்றிப் போட்ட மேடு. மைன்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. வேறு எந்தக் கிழமை வந்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் பூசைக்குப் போகாமல் நல்ல காரியத்துக்கு இறங்குகிற பழக்கம் இல்லை, மற்ற நாள்களில் பிரபுவுக்கு லீவும் இல்லை. அஸ்திவாரம் போட்டது ஞாயிறு. கட்டட வேலையைப் பார்க்கப் போனதும் ஞாயிறுகளில்தான். சாமியாரை அழைத்து வீடு மந்திரித்ததும் ஞாயிறு.

மறுநாள் திங்கள். ஒன்றரை மணிக்கு எங்கோ சங்கு ஊதியது. ஏதோ ஃபேக்டரி சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக்கொண்டு சுகன்யா தட்டில் சோற்றைப் போட்டாள். அடுத்த நிமிடம் தரை அவள் காலுக்கடியில் ஒரு குலுக்குக் குலுக்கியது. அலமாரியிலிருந்து எவர்சில்வர் சம்படம் உருண்டு விழுந்தது. பூமி அதிர்ச்சி என்று நினைத்து, கையலம்பாமல் வெளியே ஓடி, வெயிலில் நின்றாள். கேட்க ஓர் ஆள் இல்லை. வீடு கட்டிய கொத்தனாருக்குப் போன் போட்டால் அவர், "ஆமாங்க, தெனமும் வெடி உண்டு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அன்று தொடங்கி ஐந்து வருடம். தினம் ஒன்றரைக்கு வெடி, ஞாயிறு நீங்கலாக. ஹாலின் மேற்குச் சுவரில் விரிசல் ஒன்று கிளம்பி ஜன்னல் வரை இறங்கியது. வருடத்துக்கு இரண்டு தரம் பட்டி வைத்துப் பூசி, அதன்மேல் திரு இருதயப் படத்தை மாட்டினார்கள். விரிசல் படத்தைவிட நீளமானபோது பெரிய படமாக வாங்கினார்கள். துணி காயவைத்தால் வெள்ளைத் தூசி படிந்தது. ஒரு மணியானாலே சுகன்யா அலமாரிச் சம்படங்களைத் தரையில் இறக்கி வைப்பாள். வெடிக்காகக் காத்திருப்பது வெடியைவிடக் கொடுமை என்று ஒரு நாள் பிரபுவிடம் சொன்னாள். வெடி நேரத்தில் அவன் பெரம்பலூரில் ஆய்வகத்தில் நிற்பவன். அவனுக்கு எங்கே புரியப்போகிறது.

இதற்கு நடுவில் ஞாயிறுதோறும் ஜெயசீலன் ஆள்களை அழைத்து வருவார். "மேடம், ரெண்டு காபி" என்பார். காபி கொடுக்கும் சாக்கில் சுகன்யா பேச வேண்டும். ஸ்கூல் வேன் ரோடு முனைக்கே வருது. டவுன் பத்தே நிமிசம். அரியலூர்ல ரயிலு இருக்கு, பெரம்பலூர்ல இருக்கா? முதல் வருடம் நாக்கு குழறியது. அப்புறம் பழகிவிட்டது. பாதி விலைக்கு மனை வாங்கினவள் வாயைத் திறந்து வேறென்ன பேச முடியும்? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மாமியாரைத் திட்டியதைச் சொல்வாள், பொறாமையைச் சொல்வாள், இதைச் சொன்னதில்லை. தொழில் பேச்சு பாவத்தில் சேராது என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். அப்படி அறுபத்து மூன்று மனையும் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்கள் சென்னையிலும் துபாயிலும் இருந்தார்கள். ஒருவரும் வீடு கட்ட வரவில்லை. ஜெயசீலன் பக்கத்திலேயே இரண்டாவது லேஅவுட் போட்டார்.

இந்த வருடம் மே மாதம் விஷயம் முற்றிவிட்டது. ஷாலினி பத்தாவதில் நானூற்று எழுபத்தெட்டு வாங்கியிருந்தாள். பெரம்பலூரில் ஒரு நல்ல பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. காலை ஏழரைக்கே சிறப்பு வகுப்பு, சாயங்காலம் ஏழு வரை மறுபடியும் வகுப்பு. லூர்து கார்டனிலிருந்து போவதென்றால் ஐந்தே காலுக்குக் கிளம்பி, மண் ரோட்டில் நடந்து, இரண்டு பஸ் மாற வேண்டும். திரும்பி வரும்போது ரோடு முனையில் நிற்கிற பஸ்ஸே கிடையாது. பெரம்பலூருக்கே குடிபோவது ஒன்றுதான் வழி.

அங்கே துறைமங்கலத்தில் ஒரு சின்ன வீடும் விலைக்கு அமைந்தது. செல்வம்மாள் என்கிற விதவை அம்மாவின் வீடு. பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். பிரபுவுக்குக் கல்லூரி பஸ் வாசலில் வரும். காய்கறி, ஆஸ்பத்திரி, கோவில் எல்லாம் கைக்கெட்டின தூரம். சுகன்யா அந்த வீட்டின் அடுப்படியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரைக்கும் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம்தான் கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாசக் கடேசி வரைக்கும் வேற யாருக்கும் சொல்ல மாட்டேம்மா" என்று செல்வம்மாள் வாக்குக் கொடுத்தார். ஆனால் துறைமங்கலத்தில் சதுர அடி விற்கிற விலைக்கு லூர்து கார்டனில் நான்கு சதுர அடி வாங்கலாம். இந்த வீட்டை விற்காமல் அந்த வீட்டை நினைக்க முடியாது. வாடகைக்குப் போகலாமென்றால், வீட்டுக்கடனும் வாடகையும் சேர்ந்து பிரபுவின் சம்பளத்தில் அடங்காது.

ஜெயசீலனிடம் சொன்னதற்கு, "நீங்க போயிட்டா இங்க துணி காயாதே மேடம், ஒரு வருசம் பொறுங்க" என்று சிரித்தார். அவர்களே வாட்ஸாப்பில் விளம்பரம் போட்டார்கள். வந்தவர்களில் சிவசுப்பிரமணியன் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "எதாவது குறை இருந்தா மறைக்காம சொல்லும்மா" என்று மகளிடம் கேட்பதுபோலக் கேட்டார். சுகன்யா உருகிப்போய் வெடி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். நன்றாயிருப்பாய் என்று வாழ்த்தினார். அதோடு சரி, போனைக்கூட எடுக்கவில்லை. அதன்பிறகு பிரபு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. ஷாலினி அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். பிரபுவின் கோபத்தைவிட அதுதான் சுகன்யாவைச் சுட்டது. இனி யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரச்சொல்வது, வாயைத் திறப்பதில்லை என்று முடிவானது.

அப்படித்தான் மே கடைசி ஞாயிறு, பதினோரு மணிக்கு, அனுசுயா ஸ்கூட்டரில் வந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். உடையார்பாளையம் பக்கம். கணவன் முத்தமிழ்செல்வன் சிங்கப்பூரில் இருந்தான். இரண்டு சின்னப் பையன்கள். தனக்கு அரசாங்க வேலை என்று போனிலேயே சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் வந்ததும் தோள்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. வரிசையாக ஊர்கள்: பெரம்பலூர் நாலு ரோடு, எளம்பலூர் ரோடு, கல்லங்குறிச்சி ரோடு, ஜெயங்கொண்டம், கடைசியாக லூர்து கார்டன். மேலே விலை, பள்ளிக்கூடம், பஸ், தண்ணீர், ஆஸ்பத்திரி.

"கல்யாண ஜாதகம் மாதிரில்ல வச்சிருக்கீங்க" என்றாள் சுகன்யா.

"அதவிட முக்கியம்ங்க்கா. ஜாதகம் சரியில்லன்னா அவரு சிங்கப்பூர் போயிட்டாரு. வூடு சரியில்லன்னா நான் எங்க போறது?" என்று அனுசுயா சிரித்தாள். சுகன்யாவுக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

பிரபு நாசூக்காக வெளியே போய், சன்ஷேடிலும் செடிகளிலும் படிந்த வெள்ளையைக் குழாய் பிடித்துக் கழுவுவதுபோல நின்றான். ஷாலினி தன் அறையில் இருந்தாள். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது.

அனுசுயா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். நாலு ரோட்டில் எல்லாமே நன்றாக இருக்கிறது, விலைதான் ஆகாது. ஜெயங்கொண்டம் சொந்தக்காரர்கள் நிறைய, ஆனால் வேலைக்குத் தூரம். கல்லங்குறிச்சி ரோட்டில் ஒரு வீடு, தெரு குறுகல். "எம் பசங்களுக்கு இன்னும் அஞ்சாறு வருசத்துக்கு ஊராட்சிப் பள்ளிக்கூடமே போதும்ங்க்கா. பக்கத்து ஊர்ல நல்ல டீச்சருங்க இருக்காங்க. எனக்கு வேலையும் இந்தப் பக்கந்தான். அதனால இது எனக்குத் தோது." அவள் பேச்சில் வீடு ஏற்கெனவே பாதி முடிந்திருந்தது. சுகன்யாவின் நெஞ்சு துறைமங்கலத்து அடுப்படியில் பாத்திரம் அடுக்கத் தொடங்கிவிட்டது.

"சத்தம் கித்தம் எப்படி? பகல்ல?" என்றாள் அனுசுயா, நோட்டைப் பார்த்துக்கொண்டே.

"சத்தமா? காக்கா கத்துறதுதான். நீங்களே கேளுங்க." சுகன்யா ஜன்னலைக் காட்டினாள். உண்மையிலேயே ஒரு காக்கா கத்தியது. ஞாயிற்றுக்கிழமை எப்போதும் அவளுக்கு ஒத்தாசை.

"மத்த நாள்லயும் இப்படித்தானா?"

"இப்படியேதான்."

அனுசுயா எழுந்து ஹாலைச் சுற்றி வந்தாள். திரு இருதயப் படத்தின் முன் நின்று கும்பிட்டாள். படத்தின் கீழ் ஓரத்தில், சட்டத்துக்கு வெளியே, புதுப் பட்டி வைத்த இடத்தை விரலால் தொட்டாள். "இது?"

"பழைய ஸ்விட்ச் இருந்த எடம். மாத்துனோம்."

"ஓ." அவள் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. மறுபடி உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுகன்யாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, கொறை இல்லாத வூடு எங்கயும் கிடையாது. இப்ப நாங்க இருக்குற வூட்டுச் சொவரு ஓட்டையில தெருவப் பாக்கலாம். கொறை இருந்தா சொல்லிடுங்க. அதுக்குத் தக்கன நான் யோசிச்சுக்குவேன். வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

சுகன்யாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. வெடி, விரிசல், வெள்ளைத் தூசி, ஒரு மணிக்கு இறக்கி வைக்கிற சம்படங்கள், எல்லாம். ஐந்து வருடமாக இவற்றை யாரிடமாவது கொட்ட வேண்டும் என்றுதான் தவித்திருக்கிறாள். இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட ஒரு பெண்ணிடம் சொன்னால் என்ன? ஆனால் அந்த வாத்தியாரும் இப்படித்தான் கேட்டார். இதே கனிவு, இதே குரல். ஷாலினியின் அறைக் கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டதை அவள் பார்த்தாள். உள்ளே மகள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று ஒரு கணம் நினைத்தாள். எனக்கும் ஒன்று இருக்கிறதே என்று அடுத்த கணம் நினைத்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "பொண்ணு படிப்புக்காகத்தான் போறோம். இல்லன்னா இந்த வூட்ட விட்டு நான் நகர மாட்டேன்."

அனுசுயா அவள் கையை மெதுவாக விட்டாள். பேனாவை மூடினாள். நோட்டைப் பையில் வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்னால் வந்த சுகன்யாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"அக்கா, நான் பக்கத்து ஊர் ஹெல்த் நர்ஸு. ஏழு வருசமா இங்கதான் சுத்துறேன். உங்க வூட்டுல கைக்கொழந்தை இல்ல, அதனால வந்ததில்ல. புதன்கிழமை தடுப்பூசி. ஒண்ணரைக்கு வெடின்னா, ஒண்ணேகாலுக்குள்ள எல்லாப் புள்ளைக்கும் ஊசியப் போட்டு முடிச்சிடுவேன். இல்லன்னா தூக்கிவாரிப் போட்டு அலறும்ங்க. இந்த மேட்டுக்கு அந்தாண்ட என்னா இருக்குன்னு எனக்கு அத்துப்படி."

சுகன்யாவுக்குக் காது அடைத்தது. "தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"வெடி தெரிஞ்ச விசயம்க்கா. அதுக்கும் சேத்து யோசிச்சுட்டுத்தான் வந்தேன். ஒங்க வெலைக்கே முடிச்சிடலாம்னு அவருகிட்டயும் சொல்லிட்டேன். உங்க வாயால ஒருவாட்டி கேட்டுட்டா நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். மூணு தடவ கேட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுகன்யாவுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "கண்ணுக்கு முன்னாடி இருக்குறதையே இல்லங்குறீங்க. எனக்குத் தெரியாதது இந்த வூட்டுல, பத்திரத்துல, போர்வெல்லுல எத்தன இருக்கோ? அத யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

"ஒண்ணும் இல்லீங்க! வேற ஒண்ணுமே இல்லீங்க!" சுகன்யா படியிறங்கி ஸ்கூட்டரின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கொட்டினாள். வெடி ஒன்று, விரிசல் ஒன்று, அது ஸ்விட்ச் இல்லை, வருடம் இரண்டு தரம் பட்டி, தூசி, அவ்வளவுதான். பத்திரம் சுத்தம். போரில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது, வேண்டுமானால் இப்போதே திறந்து காட்டுகிறேன். சாமி சத்தியமாக. அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஐந்து வருடத்தில் அந்த வாசலில் வந்துநின்ற ஒருவரிடம் மிச்சம் வைக்காமல் முதல்தடவையாகச் சொன்ன உண்மை. ஆனால் அவள் காதுக்கே அது ஜெயசீலன் பேசுவதுபோல் இருந்தது. அதே வேகம், அதே சத்தியம், அதே 'வேணும்னா இப்பவே காட்டுறேன்'. பாதியில் அவளே நிறுத்திக்கொண்டாள்.

"சரிங்க்கா" என்றாள் அனுசுயா. "கல்லங்குறிச்சி ரோட்டு வூட்ட இன்னொரு தடவ பாத்துட்டு வரேன். பொண்ணு நல்லாப் படிக்கட்டும்." அந்தக் கடைசி வார்த்தையில் கிண்டல் துளிகூட இல்லை. ஹாண்டிலிலிருந்து சுகன்யாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வண்டி மண் ரோட்டில் ஏறும்வரை சுகன்யா அங்கேயே நின்றாள். பிரபு குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். உள்ளே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க இந்தப் பக்கத்து நர்ஸாம். வெடி வைக்கிறது ஏழு வருசமாத் தெரியுமாம்."

பிரபு திகைத்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. ஐந்து வருடத்தில் அவள் பார்க்காத மலர்ச்சி. அவனுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷாலினியின் முகமும் மெல்ல மலர்ந்தது.

"தெரிஞ்சேதான் வந்தாங்களா? அப்ப வாங்கிக்கிறேன்னாங்களா?"

"நான் சொல்லிருந்தா வாங்கிருப்பாங்க" என்றாள் சுகன்யா.